ஊரைப் பேச வைத்தவர்

அக்கா பஸ்ஸில் ஏறினால் கைப்பேசியை வெளியே எடுக்கவே மாட்டார். கைப்பேசியை வைத்தே பிழைப்பு நடத்தியவர் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நடுவில் நின்று, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்கள், பாவம், நின்றபடியே தூங்குகிறார் என்று நினைப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முன்னால் இருக்கும் இரண்டு பெண்கள் மருமகளைப் பற்றிப் பேசுவதையும், பின்னால் ஒருவர் தரிப்பிடம் தாண்டி இறக்கியதற்குக் கொண்டக்டரோடு சண்டை பிடிப்பதையும் ஒரு சொல் விடாமல் கேட்பார். இறங்கியதும் பேனாவை எடுத்து உள்ளங்கையில் இரண்டு மூன்று சொற்கள் எழுதிக்கொள்வார்.

அவரிடம் வேலை கேட்டு நேர்முகத்துக்குப் போன அன்று நான் கொண்டுபோன சான்றிதழ்க் கோப்பை அவர் திறக்கவில்லை. "வர்ற வழியில என்ன பேசிக்கிட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் ஓர் அம்மா, டொக்டர் சோற்றை நிறுத்தச் சொன்னாராம், அதனால் டொக்டரிடம் போவதை நிறுத்திவிட்டேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதைக் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டார். எல்லோரும் தங்கள் தங்கள் டொக்டர் கதையைத் தொடங்கினார்கள் என்றேன். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

அலுவலகம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை. சன்னலைத் திறந்தால் மகாவலி தெரியும். கண்டிப் பக்கத்துக் கடைகளுக்கும் புதிதாக வரும் பொருள்களுக்கும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பேச்சைக் கிளப்பிவிடுவது எங்கள் வேலை. விளம்பரம் என்ற சொல்லை அக்கா விரும்புவதில்லை. விளம்பரத்தைக் கண்டால் சனம் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடும், பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் நின்று கேட்கும் என்பார். நாங்கள்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. நான் தமிழில் எழுதுவேன். இன்னொரு பிள்ளை சிங்களத்தில் எழுதுவாள். நான் எழுதிக் காட்டிய முதல் பதிவில் 'தரமான', 'சுவையான' என்ற இரண்டு சொற்களையும் வெட்டிவிட்டு அவர் சொன்னதைப் பிறகு ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

"நல்லதுன்னு சொல்லாத. என்னன்னு கேக்க வை."

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். சின்ன உருவம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தும், பரிசளிப்பு நாளன்று பெயரை வாசிக்க மறந்துவிட்டார்களாம். அம்மா கொழுந்து மலையிலிருந்து அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாராம். "வாசிக்கல்லன்னா நீ ஜெயிக்கவே இல்லன்னு அர்த்தம். அன்னைக்குப் புரிஞ்சிக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னபோது நான் முழுதாக நம்பினேன். பிறகு ஒரு வாடிக்கையாளரிடம் இதே கதையைச் சொன்னார். அதில் போட்டி ஓட்டப் போட்டியாக இருந்தது. இன்னொருவரிடம் சொன்னபோது வந்திருந்தவர் அப்பா. எது நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கதை கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் அதைச் செதுக்கிக்கொண்டே வந்தார் என்று மட்டும் தெரியும்.

கெட்டவர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டவேண்டாம். என் அம்மாவுக்கு மாதத்தில் ஒருநாள் கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக். முதல் மாதம் லீவு கேட்டேன். அதற்குப் பிறகு நான் கேட்டதேயில்லை. முதல்நாளே அவர், "நாளைக்கு அம்மாவோட போகணும்ல, இங்க வராத" என்று சொல்லிவிடுவார். சிங்களப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தபோது மூன்று நாள் அவள் வீட்டில் போய் நின்று தேங்காய் துருவியவர். மனிதர்கள் மேல் அவருக்குப் பாசம் இருந்தது. நான்கு பேர் ஓரிடத்தில் கூடிப் பேசினால் அந்தப் பாசத்துக்குள் வேறொன்று விழித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

அதன் நல்ல காலத்தையும் நான் பார்த்தேன். ஒரு குடும்பம் வீட்டில் காய்ந்த மிளகாயை இடித்துக் கட்டச்சம்பல் செய்து போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தது. யாரும் வாங்கவில்லை. அக்கா போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவிடவில்லை. படத்தை மட்டும் போட்டு, "இது பாணுக்கா, ரொட்டிக்கா?" என்று கேட்கச் சொன்னார். பொய்ப் பெயர்களில் நானும் சிங்களப் பிள்ளையும் சண்டையைத் தொடங்கினோம். நான் பாண் கட்சி. பாணுக்குக் கட்டச்சம்பல் வைக்காதவன் மனிதனா என்று எழுதினேன். மதியத்துக்குள் எங்களுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. முன்பின் தெரியாத மாத்தளைக்காரரும் குருநாகல்காரரும் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் மாமியாரைச் சாட்சிக்கு இழுத்தார். ஒரு கிழமையில் அந்த வீட்டில் மிளகாய் இடிக்க ஆள் போதவில்லை. அந்த வீட்டு அம்மா ஒரு பெரிய போத்தலைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு நாங்களும் பேக்கரியில் பாண் வாங்கி வந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அக்கா மட்டும் தொடவில்லை. தான் பேச வைத்த எதையும் அவர் வாயில் வைக்கவோ உடுத்தவோ மாட்டார்.

பிறகு புடவைக்கடைக்காரர் வந்தார். கண்டி நகரத்துக்குள் பெரிய கடை, தீபாவளிக்கு முன்னால் திறப்பு. நகரத்தில் புடவைக்கடைக்கா பஞ்சம்? புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அக்கா இரண்டு நாள் பஸ்ஸில் போய்வந்தார். மூன்றாம் நாள் உள்ளங்கையில் ஒரே ஒரு சொல்லோடு வந்தார். 'காணோம்.'

ஓய்வுபெற்ற கிளார்க் அம்மா ஒருவரைப் பிடித்தோம். நல்ல முகம், எல்லோருக்கும் தன் சித்தியோ பெரியம்மாவோ என்று தோன்றும். அவர் படத்தைப் போட்டு மேலே, "எங்கள் அம்மாவைக் கண்டீர்களா?" என்று எழுதினோம். கடைசியாகக் கண்டி நகரத்தில் நீலப் புடவையோடு காணப்பட்டார் என்று ஒரு வரி. கடையின் பெயர் இல்லை.

மூன்று நாள் அந்த முகம் போகாத கைப்பேசி இல்லை. ஆட்கள் உண்மையாகவே தேடினார்கள். ஓட்டோக்காரர்கள் தங்கள் குழுக்களில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண் கோயிலில் விளக்குப் போட்டு அந்தப் படத்தையும் அனுப்பியிருந்தார். நான்காம் நாள் காலை அடுத்த பதிவு. அம்மா புதுக் கடையில் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா கிடைத்துவிட்டார், புடவை எடுப்பதில் நேரம் போனது தெரியவில்லையாம். கடைக்கு வந்து அம்மாவோடு படம் எடுத்துப் போடுகிறவர்களுக்குப் பரிசு.

பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் காறித் துப்பினார்கள். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் திட்டுகளுக்கு நடுவில் ஒரு தாய் எழுதியிருந்ததை நான் அவருக்குக் காட்டினேன். 'என் மகன் காணாமல் போய்ப் பல வருசம். இந்த விளையாட்டு விளையாடாதீர்கள்.' மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடட்டுமா என்று கேட்டேன். அக்கா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, நீ ஒன்றும் எழுதாதே, மற்றவர்கள் எழுதுவார்கள் என்றார். எழுதினார்கள். அந்தத் தாய்க்காகப் பரிந்தும், அவரை ஏசியும் இரண்டு நாள் எழுதினார்கள். கடையின் பெயர் யாழ்ப்பாணம் வரைக்கும் போனது.

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணியிருக்கும், கலகெதரயிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் மாடியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது, வீட்டில் தையல் வேலை செய்கிறவர். கதிரையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கையில் ஒரு முதியவரின் படம். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் சாரம், கொஞ்சம் ஒட்டிய கன்னம்.

"எங்கட வாப்பாவ காணல்ல. நேத்து சுபஹு தொழுதிட்டு வெளிய போனவரு. மறதி ஈக்கி அவருக்கு" என்றார். பொலிஸில் சொல்லிவிட்டார்களாம். கணவர் வெளிநாட்டில். கொழுந்தன் குருநாகல் பக்கம் தேடிப் போயிருக்கிறார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துச் சொன்னார், "அந்த அம்மாவ ஊரெல்லாம் தேடினாங்க தானே. நானும் ஷெயார் பண்ணின. எங்கட வாப்பாவயும் அப்பிடித் தேட வைங்க தங்கச்சி."

அந்த அம்மா காணாமல் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கோபம் இல்லை. இந்த அலுவலகம் நினைத்தால் ஒரு முகத்தை எல்லோர் கையிலும் கொண்டுபோய் வைக்கும் என்பதை மட்டும்தான் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மற்ற எல்லா வேலையையும் நிறுத்தச் சொன்னார். படத்தைத் தானே எடுத்துத் தெளிவாக்கினார். அந்தப் பெண் பேசப் பேச நான் தட்டச்சு செய்தேன். வாப்பா வாலிபத்தில் நாவலப்பிட்டியில் ஒரு கடையில் நின்றவர், எந்நேரமும் அந்தக் காலத்துக் கதைதான், அந்தக் கடை இப்போது இல்லை, அங்கே தங்களுக்கு யாரையும் தெரியாது என்றார். 'நாவலப்பிட்டிப் பக்கம் போயிருக்கலாம்' என்று கடைசி வரியாக எழுதினேன்.

அக்கா என் பின்னால் நின்று வாசித்தார். குனிந்து அந்த வரியை அழித்தார்.

"உங்க ஊருதானே அக்கா" என்றேன்.

"அதுக்கில்ல. ஊர்ப்பேரப் போட்டா அந்த ஊர்க்காரன் மட்டுந்தான் நின்னு வாசிப்பான். மத்தவன் தாண்டிப் போயிருவான். எங்க வேணும்னாலும் இருக்கலாம்னு விடு. எல்லாரும் தேடுவாங்க."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

தலைப்பை அவரே எழுதினார். 'எங்கள் வாப்பாவைக் கண்டீர்களா?' போன மாதத்துத் தலைப்பு மாதிரியே இருக்கிறதே என்று கேட்டேன். அது ஓடிய பாதையில்தான் இதுவும் ஓடும் என்றார். எங்கள் பக்கத்தில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். புடவைக்கடைப் பக்கத்துக்குத்தான் இப்போது ஊரே வந்து போகிறது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் உடனே சம்மதித்தார், பாவம், கட்டாயம் போடுங்கள் என்றார். கடையின் அடையாளம் மட்டும் மூலையில் இருக்கட்டும் என்றார். அக்கா போனைக் காதில் வைத்தபடி மேசையில் கிடந்த பெரியவரின் படத்தைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

பதிவு ஓடியது, போன மாதத்தைவிட வேகமாக. கீழே எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாக வாசித்தேன். இந்தத் தடவை சாரம் விற்கப் போறீங்களா? வாப்பா தொப்பி எடுக்கக் கடைக்குள் போயிருப்பார். இன்னொரு தடவை ஏமாற நாங்கள் மடையர்களா? சிரிக்கும் முகங்கள், வரிசை வரிசையாக. இது விளம்பரம் இல்லை என்று ஒரு வரி சேர்ப்போம் என்று கெஞ்சினேன். அப்படிச் சொன்னால்தான் விளம்பரம் என்று நினைப்பார்கள் என்றார் அக்கா. அதுவும் உண்மைதான். அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. "போகுது, போகுது. யாராவது ஒருத்தன் கண்ணுல படும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பட்டது. மறுநாள் பிற்பகல் ஒரு படத்தைப் பார்த்தோம். காலையிலேயே யாரோ போட்டிருந்தார்கள், நூற்றுக்கணக்கான கேலிகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. நாவலப்பிட்டி ரயில் ஸ்டேஷனில் உட்காரும் வாங்கு. இரண்டு இளைஞர்கள், நடுவில் அந்தப் பெரியவர். ஒருவன் அவர் தோளில் கை போட்டிருந்தான். பெரியவர் கையில் பாதி கடித்த பணிஸ். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'தாத்தா சிக்கிட்டாரு. பரிசு எங்க?'

பொலிசுக்குச் சொன்னோம். ரயில் ஸ்டேஷனுக்குப் போன் எடுத்தோம், வாங்கில் யாரும் இல்லை என்றார்கள். அந்தப் பையன்களில் ஒருவனைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். "நெசமாவா அக்கா?" என்று கேட்டான். பிறகு நடந்ததைச் சொன்னான். ரயிலுக்கு நின்றபோது அடையாளம் கண்டார்களாம். பணிசும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்து, பரிசு எங்கே தாத்தா என்று கேட்டார்களாம். வீட்டில் இருக்கிறது என்றாராம். ரயில் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள்.

அக்கா வான் பிடித்தார். கலகெதரயிலிருந்து அந்த மகளையும் ஏற்றிக்கொண்டு மூவருமாக நாவலப்பிட்டிக்குப் போனோம். மழை. அக்கா பாதணியைக் கழற்றி வானில் எறிந்துவிட்டு, தண்டவாளத்தோரம், கடைவீதி, தோட்டத்து வழி எல்லாம் நடந்தார். ரயில்வேக்காரர்களிடமும் வேலை முடிந்து வந்த தோட்டத்துப் பெண்களிடமும் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டார். நான் கேட்டறியாத பேச்சு அது, லயத்துப் பேச்சு. ஒரு பெண் அவரை இன்னாரின் மகள்தானே என்று அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். அக்கா கையை உருவிக்கொண்டு, "இவர பாத்தீங்களா அத்த, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண்ணிடம் கைப்பேசி இருந்தது. பதிவையும் பார்த்திருந்தார். முந்தின நாளே ஒரு வயசாளி தொப்பியோடு கடைவீதியில் நின்றதைக் கண்டதாகச் சொன்னார். "இங்கன இருப்பாருன்னு போடலியே தாயி. எங்கயோ கண்டியில தேடுறாகன்னுல நெனச்சேன்."

மகள் கொஞ்சம் தள்ளி இன்னொருவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார், அவர் காதில் இது விழவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, எச்சரிக்கை இருந்ததா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஸ்டேஷனிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வாய்க்காலில், கொழுந்து எடுக்கப் போனவர்கள் அவரைக் கண்டார்கள். வழுக்கி விழுந்திருக்கிறார். மழையும் குளிரும் மிச்சத்தைச் செய்துவிட்டன.

செய்தி வந்த சில நிமிடங்களில் கடைக்காரர் பதிவை நீக்கிவிட்டார்.

ஜனாஸாவை அடக்கிய மறுநாள் நானும் அக்காவும் கலகெதரக்குப் போனோம். அக்கா வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மகள் வெளியே வந்து அவரைக் கட்டிக்கொண்டு, எங்களுக்காக இவ்வளவு அலைந்தீர்களே, அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தருவான் என்றார். அக்கா அழுதார். அது நடிப்பு இல்லை, நான் பக்கத்தில் நின்றேன். பிறகு மகள் என்னிடம் தன் கைப்பேசியை நீட்டினார். அந்த ஸ்டேஷன் படத்தைச் சேமித்து வைத்திருந்தார்.

"வாப்பா இதில சிரிச்சிட்டு ஈக்காரு. கடைசிப் படம் தானே. பக்கத்தில ஈக்கிற ரெண்டு பேரையும் எடுத்துப்போட்டுத் தாங்களே தங்கச்சி."

அலுவலகத்துக்கு வந்து வெட்டினேன். ஒருவனை முழுதாக எடுக்க முடிந்தது. மற்றவனின் கை பெரியவர் தோளிலேயே தங்கிவிட்டது. விரல் விரலாக அழித்து அந்த இடத்தில் சட்டைத் துணியை நிரப்ப எனக்கு அரைநாள் பிடித்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒரு மாதம் புதிய வேலை எதையும் எடுக்கவில்லை. மாறிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெரிய பால்மாக் கம்பனியார் வந்தார்கள். கண்டியில் ஒரு ஹோட்டல் அறையில் கூட்டம். நாங்கள் இதுவரை செய்தவற்றைத் திரையில் காட்டிக்கொண்டே போனார் அக்கா. கட்டச்சம்பல் வந்தது. நீலப் புடவை அம்மா வந்தார். அடுத்தது வந்தபோது நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். 'எங்கள் வாப்பாவைக் கண்டீர்களா?' எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை மணித்தியாலத்தில் என்று பக்கத்தில் வரிசையாக இருந்தது. கடைக்காரர் நீக்குவதற்கு முன்பே அவர் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறார். எங்கள் வேலைகளிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

கம்பனிக்காரர் முன்னுக்குச் சாய்ந்து, இது எந்தப் பொருளுக்குச் செய்தது என்று கேட்டார்.

"அது சேவைக்காகச் செஞ்சது, சேர்" என்றார் அக்கா.

அவர்கள் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்கள். அவர் சொன்னது பொய்யுமில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

படியிறங்கி வரும்போது, அதை எப்படி அக்கா காட்ட மனம் வந்தது என்று கேட்டேன். அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று விளங்க ஒரு கணம் எடுத்தது.

"முகத்த மறைச்சிட்டேன் தானே" என்றார்.

மறைத்துத்தான் இருந்தார். தொப்பிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

நான் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. பால்மா வேலை கிடைத்தது, அதற்கு நான்கு மாதம் நான் தமிழில் எழுதினேன். பிறகு வேறிடம் கிடைத்ததும் போனேன். அக்கா கோபிக்கவில்லை. அம்மாவின் கிளினிக் நாளை மறந்துவிடாதே என்றார். இப்போது அவர் கொழும்பில் பெரிய ஆள் என்கிறார்கள். நான் விசாரிப்பதில்லை.

ஒவ்வொரு பெருநாளைக்கும் கலகெதரயிலிருந்து எனக்கு வாழ்த்து வருகிறது. உங்களுக்கும் அந்த அக்காவுக்கும் துஆ செய்கிறேன் என்று அந்த மகள் எழுதுவார். நானும் வாழ்த்து அனுப்புவேன். நாவலப்பிட்டி என்று ஒரு வரி அந்தப் பதிவில் இருந்ததையும், நான் பார்த்துக்கொண்டிருக்க அது அழிக்கப்பட்டதையும் இன்றுவரை நான் அவருக்கு எழுதவில்லை.